பத்தேகால் மணி இடியப்பம்

என்ரை சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு வாற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது, காலமை வீட்டிலை ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ எண்டுதான். நீரும் சாப்பிடாமல்தான் வந்திருக்கிறீர் போலை, முகத்தைப் பாத்தால் தெரியுது. ஒரு ரோல்ஸ் எடும் பிள்ளை. இந்தக் கடைக்காரன் காலமை பத்துக்குப் பொரிச்சுப் போடுறவன், இப்ப ரண்டு மணி, சூடு போயிருக்கும். எண்டாலும் பிழையில்லை. தேத்தண்ணியையும் குடியும். நாலு மணிக்கு முன்னம் கடதாசி நீதவானின்ரை கோட்டுக்குப் போகவேணும் எண்டு சொன்னனீர். நான் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் செல்லாது.

ஆரெலி எண்டுதானே பெயர் சொன்னனீர். பாண்டிச்சேரி ஆக்களின்ரை தமிழ் எனக்குப் பிடிக்கும். "மிசியே பத்திநாதர்" எண்டு நீர் கூப்பிடேக்கை ஆரோ பெரிய உத்தியோகத்தரைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. இஞ்சை பாரிஸ் லாச்சப்பலிலை எல்லாருக்கும் நான் பத்தி அண்ணை. நீர் லோயரின்ரை கந்தோரிலை இருந்து வந்திருக்கிறீர், ரண்டு கடதாசி கேக்கிறீர். பிரிபெக்தூர், அதுதான் விசா குடுக்கிற கந்தோர், துஷாந்திக்கு அனுப்பின கடிதம் என்ரை கடிதப் பெட்டிக்கு வந்ததோ, வந்தது அவவின்ரை கையிலை சேந்ததோ எண்டு ஒண்டு. விசா இல்லாமல் பிடிச்சு வைச்சிருக்கிற தடுப்பு முகாமிலை இருந்து விட்டால் அவ என்ரை வீட்டிலை இருக்கலாம் எண்டு மற்றது. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். பிரிபெக்தூர் அனுப்பினது எண்டுது. துஷாந்தி வரேல்லை எண்டுறா. நடுவிலை நிக்கிறது நான்.

முதல் என்ரை கதையைக் கொஞ்சம் கேளும், அப்பதான் மற்றது விளங்கும்.

நான் தொண்ணூற்றொண்டிலை வந்தனான். பத்தொன்பது வருசம் மொன்பர்னாஸ் பக்கம் ஒரு ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவினனான். நிலத்துக்குக் கீழை குசினி. மேலை இருந்து எச்சில் கோப்பை வரும், கீழை இருந்து கழுவின கோப்பை போகும். பத்தொன்பது வருசத்திலை சாப்பிட வந்த ஒருத்தனும் என்ரை முகத்தைப் பாத்ததில்லை. முதுகு போனாப்பிறகு வீட்டிலை இருந்தன். ஒருநாள் லொலீவ் சந்தைக்குப் போனன், உந்தக் கூரை போட்ட பழைய சந்தை. அங்கை சீஸ் விக்கிற ழாக் எனக்குப் பழக்கம். அவனிட்டை நிண்ட நாலைஞ்சு வெளிநாட்டுச் சனம் என்ரை பையிலை இருந்த முருங்கைக்காயைக் காட்டி உது என்னெண்டு கேட்டினம். நான் விளங்கப்படுத்தினன். அரை மணித்தியாலம் கதைச்சிருப்பன். அந்த அரை மணித்தியாலமும் அவை என்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. ழாக் சிரிச்சுப்போட்டு, பத்தி, இதையே தொழிலாச் செய்யன் எண்டான். எட்டு வருசமாச் செய்யிறன்.

பத்து மணிக்கு மெட்ரோப் படியடியிலை மஞ்சள் குடையோடை நிப்பன். அப்பிடித்தான் எல்லா நாளும். மரக்கறிக் கடை, மீன் கடை, இந்த ரோல்ஸ் கடை, பேந்து ழாக்கின்ரை சீஸ். ஆனால் அந்த மாதிரிச் சுற்றுலா பாரிசிலை நூறு கிடக்கு. என்னட்டை ஆக்கள் வந்தது துஷாந்தியாலைதான். அதை நான் ஒருநாளும் மறைச்சதில்லை.

துஷாந்தி உடுப்பிட்டிப் பிள்ளை. புருசன் செத்துப்போனார். ஆறு வயசு மகளை ஊரிலை தமக்கையிட்டை விட்டிட்டு வந்தவ. அகதி வழக்கெல்லாம் தோத்து, மார்க்ஸ் டோர்மோயிலை மூண்டாம் மாடியிலை ஒரு அறையிலை இருந்தா. இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குக் குடுக்கிறவ. வீட்டுக்காரன் கடிதப் பெட்டியிலை அவவின்ரை பெயர் ஒட்ட விடமாட்டன் எண்டிட்டான். அதாலை என்னட்டை வந்தா. அண்ணை, உங்கடை பெட்டியிலை என்ரை பெயரையும் ஒட்டுவியளோ எண்டு கேட்டா.

உமக்கு இது புதுசா இருக்கும். நீங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், உங்கடை கடிதம் உங்கடை வீட்டுக்கு வரும். எங்கடை ஆக்களிலை விசா இல்லாதவைக்கு விலாசமும் இல்லை. ஆரும் ஒராளின்ரை பெட்டியைத்தான் குடுக்கவேணும். லாச்சப்பலிலை ஒருத்தனுக்கு எவ்வளவு மரியாதை எண்டு அறியவேணுமெண்டால் அவன்ரை கடிதப் பெட்டியைப் பாரும். என்ரை பெட்டியிலை பதினொரு பெயர் கிடக்கு. தபால்காரன் என்னைக் கண்டால் முறைப்பான். இன்னொண்டும் சொல்லவேணும், கடிதத்தைத் திறந்து வாசிக்கிறதும் நான்தான். அவையளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. திறந்து வாசிச்சு, இன்ன நாள் இன்ன இடம் எண்டு சொல்லுறது பெட்டிக்காரன்ரை கடமை. அது எனக்கு அவை தந்த உரிமை, நான் களவாத் திறந்ததெண்டு நினைக்காதேயும்.

அதுக்கு நன்றியாத்தான் அவ தன்ரை அறையைத் திறந்து விட்டா. கடைசியா ஆக்களை அங்கை கூட்டிக்கொண்டு போவன். அவ இடியப்ப உரலிலை பிழிவா, நீத்துப்பெட்டியிலை அவிப்பா, சொதியும் சம்பலும் வைப்பா. மூச்சு வாங்க மூண்டு மாடி ஏறினதுகள் நிலத்திலை இருந்து கையாலை சாப்பிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு ரெலிபோன் அடிச்சுது. மகள் மிருணாளினி. துஷாந்தியின்ரை கையெல்லாம் மா. முழங்கையாலை அமத்திக் கதைச்சா. மகள் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொல்ல, தாய் சிரிச்சுக்கொண்டு அழுதா. பெல்ஜியத்தாலை வந்த ஒரு மனுசி ஏன் அழுகிறா எண்டு என்னட்டைக் கேட்டா. நான் சொன்னன்: மகளை விட்டிட்டு வந்து இத்தனை வருசம், விசா கிடைச்சால்தான் போய்ப் பாக்கலாம், விசா கிடைக்கேல்லை. அவ்வளவுதான் சொன்னனான். ஆறு பேர் அழுதுபோட்டினம். பேந்து இன்ரநெற்றிலை அவை எழுதினதைப் பாத்தன். ஒருத்தரும் இடியப்பத்தைப் பற்றி எழுதேல்லை. அந்த ரெலிபோனைப் பற்றித்தான் எழுதினவை. வழிகாட்டி ஒரு அருமையான மனிதன் எண்டும் எழுதினவை.

அடுத்த கிழமையே மிருணாளினிக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன், பதினொரு மணிக்கு எடும் பிள்ளை, அப்பதான் அம்மா ஓய்வா இருப்பா எண்டு. அதிலை பொய் ஒண்டும் இல்லை. பதினொரு மணிக்கு அவ கடையளுக்கு அவிக்கிற வேலையை முடிச்சிடுவா.

ஒருக்கா துஷாந்தி சொன்னவ, ஆக்களுக்கு முன்னாலை வேண்டாம் அண்ணை, எனக்குக் கூச்சமாக் கிடக்கு எண்டு. நான் சொன்னன், இவையள் பெரிய இடத்து ஆக்கள் தங்கச்சி, ஆராவது உம்மடை விசாவுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டினமோ எண்டு. அதுக்குப் பிறகும் அவ சனிக்கு சனி அறையைத் திறந்து விட்டா. ஒருத்தரும் ஒரு வார்த்தையும் சொல்லேல்லை எண்டது உண்மைதான். உதவினது ழாக் மட்டும். விசா கிடைச்சால் என்ரை சீஸ் கடையிலை வேலை தருவன் எண்டு எழுதிக் குடுத்தான். அந்தக் கடதாசியை வைச்சுத்தான் பிரிபெக்தூரிலை புதுசா விண்ணப்பம் போட்டவ. அப்ப தொடக்கம் ஒவ்வொரு சனியும் ஆக்கள் இறங்கிப் போனாப்பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேப்பா: "அண்ணை, கடிதம்?" நான் தலையாட்டுவன், இல்லை எண்டு. அப்ப உண்மையிலையே இல்லை. ரண்டரை வருசம் அப்பிடிக் கேட்டா, ரண்டரை வருசம் அப்பிடித் தலையாட்டினன்.

போன வருசம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது.

படியிலை நிண்டுதான் வாசிச்சன். கடவுச்சீட்டோடையும் நாலு படத்தோடையும் வரட்டாம். ஜூன் மாதத்திலை ஒரு வியாழக்கிழமை, காலமை பத்தேகால் மணி. முப்பது வருசமா உந்தக் கடிதங்களை வாசிக்கிறன். இல்லையெண்டு சொல்லுற கடிதத்துக்கு ஒரு நடை, தாறன் எண்டு சொல்லுற கடிதத்துக்கு ஒரு நடை. இது தாற கடிதம். எனக்குச் சந்தோசம் வந்தது, அந்தோனியாராணை. உடனை ரெலிபோனை எடுத்தன், அவவின்ரை நம்பரையும் அமத்தினன். அது அடிக்கத் தொடங்க முன்னம் நிப்பாட்டினன்.

என்ன நினைச்சனெண்டால், வாற சனிக்கிழமையை நினைச்சன். பன்னிரண்டு பேர் வருகினம். அவைக்கு என்னத்தைச் சொல்லுறது. இவவுக்கு விசா வரப்போகுது, ஓகஸ்ட் மாதம் மகளைப் பாக்கப் போறா, பேந்து சனிக்கிழமையளிலை ழாக்கின்ரை கடையிலை நிப்பா எண்டோ. விசா கிடைச்ச பொம்பிளையைப் பாக்க ஆர் பிள்ளை மூண்டு மாடி ஏறுவினம்? நானும் வெளிப்படையாச் சொல்லுறன், அந்தச் சுற்றுலாவிலை ஆக்கள் ருசி பாத்தது இடியப்பத்தை இல்லை. அவவின்ரை காத்திருப்பைத்தான். அது முடிஞ்சால் நான் திரும்பவும் முருங்கைக்காய் காட்டுற கிழவன்தான். அதுவும் எத்தினை நாளைக்கு.

சனிக்கிழமை முடியட்டும், குடுப்பம் எண்டு பைக்குள்ளை வைச்சன். குடை வைக்கிற பை. சனிக்கிழமை ஆக்கள் போனாப்பிறகு அவ கையைக் கழுவிக்கொண்டு வழமை மாதிரிக் கேட்டா. என்ரை தலை ஆடிப்போட்டுது. நான் ஆட்ட நினைக்கேல்லை. ரண்டரை வருசம் பழகின தலை. ஆட்டினாப்பிறகு எப்பிடிக் குடுக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தைச் சனிக்கிழமை ஏன் இல்லையெண்டனியள் எண்டு கேப்பாவே. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சவன் பேந்து கோப்பையைக் கையிலை இருந்து இறக்கேலாது. அடுத்த கிழமை, அதுக்கடுத்த கிழமை எண்டு போச்சுது. ஒவ்வொரு கிழமையும் குடுக்கத்தான் நினைச்சனான். அதை எழுதிக்கொள்ளும்.

ஏன் பேனையைக் கீழை வைச்சிட்டீர்? சொல்லுறன், இன்னும் கொஞ்சம்தான்.

அந்த வியாழக்கிழமை. ஒரு பயணப் பத்திரிகைக்காரர் பாரிசுச் சந்தையளைப் பற்றி எழுத வந்தவை, அஞ்சு பேர். கமராவோடை. அதே நாள் அதே நேரம் அமைஞ்சது தற்செயல் எண்டு நான் கனநாள் எனக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். ராவிலை நித்திரை வராமல் கிடக்கேக்கை சொல்லிப் பாப்பன், தற்செயல், தற்செயல் எண்டு. உமக்கு உண்மையைச் சொல்லுறன். அவை கேட்டது வெள்ளிக்கிழமை. நான்தான் வியாழன் எண்டனான். வெள்ளிக்கிழமை அவ பிள்ளையார் கோயிலுக்குப் போறவ, வசதிப்படாது எண்டு எழுதினன். அவ வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறது உண்மைதான்.

அண்டைக்குச் சந்தையைக் கடைசியா வைச்சிட்டு, நேரை அவவிட்டைத்தான் கூட்டிக்கொண்டு போனன். பத்து மணிக்கு மேலை ஏறினம். அவ தலை இழுத்துப் பின்னி, நல்ல சீலை உடுத்து நிண்டா, பத்திரிகைக்காரர் எண்டு சொல்லியிருந்தனான். பத்தேகாலுக்கு நான் மணிக்கூட்டைப் பாத்தன். பிரிபெக்தூரிலை அவவின்ரை பெயரைக் கூப்பிட்டிருப்பினம். எங்கடை பெயரைச் சரியாச் சொல்லத் தெரியாமல் ரண்டு மூண்டு தரம் கூப்பிடுறவை. அந்த நேரம் இஞ்சை அவ உரலை அமத்தித் திருகிறா, தட்டிலை வெள்ளை வெளேரெண்டு இடியப்பம் விழுகுது, அஞ்சு பேரும் கை தட்டுகினம். முதல் தட்டை அவ அவையளுக்குக் குடுக்கேல்லை. என்னட்டை நீட்டினா. "அண்ணை, நீங்கள் முதல் சாப்பிடுங்கோ. காலமை ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டியள்" எண்டா.

சாப்பிட்டன். நல்லாத்தான் இருந்தது. அதுதான் பிள்ளை எனக்கு இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு. தொண்டைக்குள்ளை இறங்காமல் அடைச்சிருந்தால் நான் மனுசன் எண்டு நினைச்சிருப்பன். அடைக்கேல்லை. இன்னும் ரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டன்.

பதினொரு மணிக்கு மிருணாளினி எடுத்தா. பத்திரிகையிலை அந்தப் படம்தான் வந்தது.

ஓகஸ்டிலை இன்னொரு கடிதம் வந்தது, ஆள் வராதபடியாலை விண்ணப்பத்தை மூடியாச்சு எண்டு. அதையும் வைச்சிருக்கிறன். ரண்டும் ஒண்டாத்தான் கிடக்கு, கசங்காமல். அதுக்குப் பிறகும் அவ சனிக்கு சனி கேட்டுக்கொண்டுதான் இருந்தா. கடிதம் வரும் வரும் எண்டு மிருணாளினிக்குச் சப்பாத்து வாங்கி வைச்சா. எட்டு வருசமாக் காணாத பிள்ளையின்ரை கால் அளவு தெரியாமல் ரண்டு அளவிலை வாங்கினவ.

மூண்டு கிழமைக்கு முன்னம் கார் து நோர் ரெயில் ஸ்ரேசனிலை அவவைப் பொலிஸ் மறிச்சிருக்கு. வேறை ஆரும் எண்டால் ஓடியிருப்பினம். இவ ஓடேல்லை. என்ரை விண்ணப்பம் பிரிபெக்தூரிலை கிடக்கு, பாருங்கோ எண்டு நிமிந்து நிண்டிருக்கிறா. பாத்தாங்கள். மூடிப் பத்து மாதம். தடுப்பிலை இருந்து எனக்குத்தான் முதல் எடுத்தவ. அழேல்லை. "அண்ணை, ஒரு கடிதமும் வரேல்லைத்தானே? உங்கடை கண்ணிலை படாமல் தவறியிருக்குமோ? நீங்கள் மனவருத்தப்படாதேங்கோ, நான் உங்களைக் குறை சொல்லமாட்டன்" எண்டா. நான் "இல்லைத் தங்கச்சி, வரேல்லை" எண்டன்.

சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலைகூட நான் இதைச் சொன்னதில்லை. போன ஞாயிறு முழந்தாளிலை இருந்தன். கோபப்பட்டன் எண்டும் பூசைக்குப் பிந்தினன் எண்டும் சொல்லிப்போட்டு எழும்பினன். நான் குற்றவாளிதான். வேலியே பயிரை மேஞ்ச கதைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. மனச்சாட்சி இல்லாதவன் எண்டால் இப்பிடி உம்மோடை இருந்து கதைப்பனோ?

இப்பவும் சனிக்கிழமையளிலை ஆக்களை அங்கை கூட்டிக்கொண்டுதான் போறன். அறைக் கதவின்ரை திறப்பு என்னட்டைக் கிடக்கு. நிப்பாட்டினால் அவவை மறந்த மாதிரி எல்லே. உரலும் நீத்துப்பெட்டியும் மேசையிலை கிடக்கு, ரண்டு சோடிச் சப்பாத்தும் பக்கத்திலை. பதினொரு மணிக்கு மிருணாளினியை என்ரை போனுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறன். "மாமா, அம்மாவை விட்டிட்டினமோ?" எண்டு கேக்கும். நான் இன்னும் இல்லைப் பிள்ளை எண்டுவன். ஆக்களுக்கு மொழிபெயர்த்தும் சொல்லுவன். நான் ஒண்டும் கூட்டிச் சொல்லுறேல்லை. முந்தி அழாத ஆக்களும் இப்ப அழுகினம்.

நீர் என்ன சொல்லுறீர்? "மிசியே பத்திநாதர், நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. ரெண்டு கடுதாசியும் வேணும்." விளங்குது. நான் நேரம் கடத்திறன் எண்டு நினைக்காதேயும், மூண்டரைதான். பேனையைத் தாரும்.

ஆனால் ஒண்டை யோசிச்சுப் பாரும். அவவின்ரை கடிதத்தை ஒளிச்சவன் நான் எண்டு ஒரு கடதாசி, அவ என்ரை வீட்டிலைதான் இருக்கப்போறா எண்டு இன்னொரு கடதாசி. ரண்டையும் ஒண்டாக் குடுத்தால் எந்த நீதவான் நம்புவான்? கடிதத்தைக் களவெடுத்தவன் வீட்டிலை பொம்பிளையை விடுவினமோ? ஒண்டு மற்றதை வெட்டும். முதலாவதை எழுதினால் விண்ணப்பத்தை மூடின முடிவே உடைஞ்சுபோகும் எண்டுறீர். இருக்கலாம். ஆனால் ரண்டாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிளேனுக்கு ஏத்தாமல் என்ரை விலாசத்துக்கு விடக்கூடும் எண்டும் நீர்தான் சொன்னனீர். விட்டால் போதாதோ? அவ வெளியிலை வந்தால் போதாதோ?

ழாக்கும் விலாசம் தாறன் எண்டவனோ. நல்ல மனுசன். எண்டாலும் அவன் வெள்ளைக்காரன், ஒரு கடிதம் வந்தால் அவவுக்கு விளங்கிற மாதிரி ஆர் சொல்லுறது. அவ என்னைத்தான் நம்பியிருக்கிறா, நீர் கேட்டுப் பாரும்.

இந்தாரும். ரண்டாவதை எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டன், வீட்டு இலக்கம், மாடி எல்லாம் தெளிவாக் கிடக்கு. முதலாவதை விடும். விடுதலையானால் புதுசா விண்ணப்பம் போடலாம், கடிதம் என்ரை பெட்டிக்குத்தானே வரும். நானே திறந்து வாசிச்சு, அவவுக்கு எப்ப சொல்லவேணுமோ அப்ப சொல்லுவன்.